மூங்கிற் குழலும் ஜாஸ் இசையும்

இசைக்கு நாடில்லை, மொழியில்லை என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கல்லூரிக் கலைவிழா மேடைகளில் இக்கூற்று ஆண்டுதோறும் தவறாது ஒலிக்கின்றது. கேட்போரும் கைகொட்டி மகிழ்கின்றனர். ஆயின், இஃது உண்மைதானா என நின்று ஆராய்வார் மிகச் சிலரே. இரண்டாம் உலகப் பெரும்போர் நிகழ்ந்த காலத்தில், 1943ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஜப்பானிய அரசாங்கம் ஏறத்தாழ 1000 அமெரிக்க, ஆங்கிலப் பாடல்களைப் பகைவரின் இசை எனக் குறித்து விலக்கியது. ஜாஸ் இசையும் அவ்விலக்கிற் சிக்கியது. அதற்குச் சற்று முன்னரே, அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள் பல, தம் இல்லங்களிலிருந்த தாய்நாட்டுப் பொருள்களை, ஐயத்திற்கு இடமாகுமே என்றஞ்சி எரித்தும் புதைத்தும் ஒழித்தன. ஆகவே இசைக்கும் நாடு உண்டு, பகையும் உண்டு. அங்ஙனமிருக்க, அதே ஜப்பானியக் கருவிகளும் அதே அமெரிக்க இசையும் பின்னர் ஒரே மேடையிற் கூடியது எவ்வாறு? அக்கூட்டம் உண்மைக் கலப்போ, வெறும் ஒட்டோ? இவ்விரு வினாக்களுக்கும் இயன்றவளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிகளின் இயல்பு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்தல் தமிழ் இசைநூலார் மரபு. அவற்றுள் முதல் மூன்று வகைக்கும் சிறந்த எடுத்துக்காட்டுகள் ஜப்பானில் உள்ளன.

துளைக்கருவியுள் தலையாயது 'ஷாகுஹாச்சி' என்னும் மூங்கிற் குழல். அதன் பெயரே அதன் அளவைக் குறிப்பது. ஒரு 'ஷாக்கு', எட்டு 'சுன்' என்பன அந்நாட்டு நீட்டலளவைகள். நம் கணக்கில் ஏறத்தாழ 54 செண்டிமீட்டர் ஆகும். முன்புறம் நான்கும் பின்புறம் ஒன்றுமாக ஐந்தே துளைகள் உடையது. நம் புல்லாங்குழலைப்போல் குறுக்கே பிடித்து ஊதப்படுவதன்று. நேரே பிடித்து, மேல்நுனியின் விளிம்பில் மூச்சை மோதவிட்டு ஒலிக்கப்படுவது. தலையைத் தாழ்த்தினால் ஒலி தாழும், நிமிர்த்தினால் உயரும். முற்காலத்தில் 'புக்கே' என்னும் பௌத்தப் பிரிவைச் சார்ந்த துறவியர், முகத்தை முழுதும் மறைக்கும் கூடை போன்ற தொப்பியணிந்து இக்குழலை ஊதியவண்ணம் ஊரூராய்த் திரிந்தனர். அவர்க்கு அஃது இன்பக் கருவியன்று, தியானக் கருவி. 1871இல் மெய்ஜி அரசாங்கம் அப்பிரிவைக் கலைத்துவிட்டது. அதன் பின்னரே இக்குழல் துறவியர் கையினின்றும் பொதுமக்கள் கைக்கு முழுமையாக வந்தது.

நரம்புக்கருவியுள் சிறந்தது 'கோத்தோ'. ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள மரப்பலகையின்மீது 13 நரம்புகள் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு நரம்பின் கீழும் நகர்த்தத்தக்க குதிரை ஒன்று உண்டு. அதனை நகர்த்திச் சுருதி கூட்டுவர். வலக்கை விரல்கள் மூன்றில் நகம்போன்ற உறைகளை அணிந்து மீட்டி, இடக்கையால் நரம்பை அழுத்திச் சுரத்தை உயர்த்துவர். சீன நாட்டுக் கருவியொன்றிலிருந்து தோன்றிய இது, ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குமேல் ஜப்பானில் வாழ்ந்து அந்நாட்டதாகவே ஆகிவிட்டது.

தோற்கருவி 'தைக்கோ' என்னும் பெருமுழவு. கோயில் விழாவிலும், நாடகத்திலும், ஊர்க்கூத்திலும் முழங்கிய அது தனித்த அரங்கிசையாக மாறியது அண்மைக்காலத்தேயாம். அவ்வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

ஜாஸ், சோல்

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லீன்ஸ் முதலிய நகரங்களில் வளர்த்த இசை. முன்னரே எழுதிவைத்ததை வாசித்தலினும், மேடையில் நின்றவாறே புதிது புனைந்து இசைத்தலே அதன் உயிர். நம் இசையின் மனோதர்மத்தை ஒருபுடை ஒப்பது. 'சோல்' என்பதற்கு ஆன்மா என்பது பொருள். அம்மக்கள் தம் திருச்சபைகளில் கைதட்டிப் பாடிய நற்செய்திப் பாடல்களின் உருக்கமும், உலகியல் பாடல்களின் தாளமும் கூடி, 1950ஆம் ஆண்டுகளில் ரே சார்லஸ் முதலியோரால் உருப்பெற்ற இசை அது. ஒருவர் பாட மற்றவர் எதிர்மொழி பாடும் முறை, சபையினின்றும் அதற்குள் வந்த செல்வமாகும். இரண்டும் துன்பத்திற் பிறந்தவை. அடிமைத்தளையின் நினைவு இரண்டிலும் மாறாமல் நிற்பது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இனி, இவை தம்முட் பொருந்துமாறு எங்ஙனம் என ஆராய்வோம். ஷாகுஹாச்சியின் ஐந்து துளைகளையும் முறையே திறந்து ஊதினால் ஐந்து சுரங்கள் பிறக்கின்றன. அவை நம் சுத்த தன்யாசி இராகத்தின் ச, க, ம, ப, நி என்பவற்றோடு ஒத்தவை. வியப்பு யாதெனின், ஜாஸின் அன்னை எனத்தகும் 'புளூஸ்' இசையின் அடிப்படைச் சுரங்களும் இவ்வைந்தே. அன்றியும், புளூஸ் பாடகர் ஒரு சுரத்தை அதன் இடத்தில் நிறுத்தாது சற்றுத் தாழ்த்தியும் வளைத்தும் பாடுவர். அவ்வளைவிலேயே அதன் துயரம் தங்கியுள்ளது. ஷாகுஹாச்சி ஊதுவோர் தலையசைப்பால் செய்வதும், கோத்தோ மீட்டுவோர் இடக்கை அழுத்தத்தால் செய்வதும் இதுவே. கமகத்திற் பழகிய நம் செவிக்கு இம்மூன்றின் உறவு எளிதிற் புலனாகும்.

ஆயினும் வேற்றுமைகள் சிறியனவல்ல. முதலாவது, ஜாஸில் பல சுரங்கள் ஒருங்கொலிக்கும் சுரக்கூட்டுகள் விரைந்து மாறிக்கொண்டே செல்லும். கோத்தோவோ 13 நரம்புகளை ஒரு முறையிற் சுருதி கூட்டிவைத்த கருவி. இடையிற் புதிய சுரம் வேண்டுமாயின் நரம்பை அழுத்தல் வேண்டும், அல்லது வாசிப்பின் நடுவே குதிரையை நகர்த்தல் வேண்டும். இரண்டாவது, ஷாகுஹாச்சியின் பழம்பாடல்கள் எண்ணித் தட்டும் தாளத்திற்கு உட்படாதவை. மூச்சே அவற்றின் அளவு. ஓரொலிக்கும் மற்றோரொலிக்கும் இடைப்பட்ட வெளியை ஜப்பானியர் 'மா' என்பர். அவ்வெளியும் இசையின் பகுதியே என்பது அவர் கொள்கை. ஜாஸோ இடைவிடாது உந்திச்செல்லும் தாளத்தை உயிராகக் கொண்டது. வெளியை நிரப்பினால் குழலின் பண்பு கெடும். நிரப்பாவிடின் ஜாஸின் பண்பு கெடும். இதுவே கலக்க முயல்வோர் எதிர்ப்படும் மெய்யான சிக்கல்.

இச்சிக்கலை ஓரளவு தளர்த்தியது ஜாஸினுள்ளேயே தோன்றிய ஒரு மாறுதலாகும். 1959இல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆவ் புளூ' என்னும் இசைத்தட்டில், சுரக்கூட்டுகளை அடிக்கடி மாற்றாது, ஒரே சுரவரிசையில் நெடுநேரம் தங்கிப் புனையும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அம்முறையில் ஐந்து துளைக் குழலும் அச்சமின்றிப் புகுவதற்கு வாயில் திறந்தது.

மூவகைச் சேர்க்கை

யாம் கேட்டறிந்த அளவில், இவ்விசைச் சேர்க்கைகளை மூவகைப்படுத்தலாம் என எண்ணுகின்றோம். ஒட்டு, உரையாடல், கலப்பு என்பன அவை.

ஒட்டு என்பது, ஒரு நாட்டுக் கருவியின் ஒலியை மட்டும் எடுத்து அணியாகப் பூட்டுவது. 1986இல் பீட்டர் கேப்ரியல் வெளியிட்ட 'ஸ்லெட்ஜ்ஹாமர்' என்னும் பாடல் சோல் இசையைப் பின்பற்றியது. அதன் தொடக்கத்தில் ஷாகுஹாச்சியின் ஒலி கேட்கின்றது. ஆனால் அங்கே குழலும் இல்லை, குழலூதுவாரும் இல்லை. மின்கருவியில் முன்னரே பதிந்துவைத்த ஒலியை விரற்கட்டையால் எழுப்பினர். பாடல் இனிமையானதே, அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் மூச்சையே உயிராகக் கொண்ட கருவி அங்கு மூச்சின்றி ஒலிக்கின்றது என்பதை மறத்தலாகாது.

உரையாடல் என்பது, இருவர் தத்தம் மொழியில் நின்றவாறே ஒருவர்க்கொருவர் செவிகொடுப்பது. அமெரிக்கக் கிளாரினெட் இசைஞர் டோனி ஸ்காட், 1964இல் டோக்கியோவில், ஷாகுஹாச்சி இசைஞர் ஹோசான் யாமமோட்டோவுடனும் கோத்தோ இசைஞர் ஷினிச்சி யூயிசேயுடனும் இசைத்த 'மியூசிக் ஃபார் சென் மெடிடேஷன்' இவ்வகையது. அங்கு முழவில்லை, உந்தும் தாளமில்லை. ஸ்காட் தம் ஜாஸின் விரைவைக் கைவிட்டு, ஜப்பானியரின் வெளிக்குள் விருந்தினராய்ச் சென்று அமர்ந்தார்.

கலப்பு என்பது, இரண்டும் சிறிது கொடுத்துச் சிறிது பெற்று, மூன்றாவதாகிய ஒன்றைப் பயப்பது. மேற்கூறிய யாமமோட்டோவே (1937–2014) இதற்கும் சான்றாவார். இவர் 1967இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ஜப்பானியப் பெருங்குழுவொன்றுடன் குழலூதினார். பிற்காலத்தில் ஜப்பானிய அரசாங்கத்தால் வாழும் நாட்டுச் செல்வம் எனப் பாராட்டப்பெற்றார். 1970இல் பியானோ இசைஞர் மசாபுமி கிக்குச்சி, அமெரிக்க நரம்பிசைஞர் கேரி பீக்காக், முழவிசைஞர் ஹிரோஷி முரகாமி ஆகியோருடன் 'கிங்காய்' என்னும் இசைத்தட்டைப் பதிந்தார். வெள்ளி உலகம் என்பது அதன் பொருள்; பனி மூடிய வெளியைக் குறிப்பது.

இவ்விசையை விடுதியில் நண்பர் ஒருவர் அறையில் ஓர் இரவு முதன்முறை கேட்டோம். உடனிருந்தாருள் ஒருவர், "இது ஜாஸுமன்று, ஜப்பானுமன்று" என எழுந்து சென்றார். எமக்கும் அன்று அவ்வாறே தோன்றியது. மூன்றாம் முறை கேட்டபொழுதுதான் முழவு தாளத்தை உரக்கச் சொல்லாமல் குறிப்பாக மட்டும் உணர்த்துவதையும், பியானோ தான் பேசவேண்டிய இடத்தில் வாளாவிருந்து குழலுக்கு வெளி விடுவதையும் உணர்ந்தோம். குழலும் தன் பழைய விடுதலையைச் சிறிது விட்டு, தாளத்தின் தோளில் ஒருகால் சாய்கின்றது. இருபாலும் இழப்பு உண்டு. அவ்விழப்பினாலேயே பேறும் உண்டாயிற்று.

சோல் இசையின் பக்கத்திலிருந்து வந்த கை ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். டிட்ராய்ட் நகரத்துக் கறுப்பினப் பெண்மணியாகிய டாரதி ஆஷ்பி, பேரியாழ் இசையில் வல்லவர். அவர் 1970இல் வெளியிட்ட 'ருபாயியாத்' இசைத்தட்டிற் பேரியாழோடு கோத்தோவையும் தாமே மீட்டிப் பாடினார். பாரசீகக் கவியின் பெயர் தாங்கிய பாட்டு, ஜப்பானிய நரம்பு, அமெரிக்கச் சோல் தாளம் என மூன்றும் ஒருவர் கையில் ஒன்றுபட்டமை அரிய காட்சியன்றோ!

மரபு கெடுமோ?

பண்டைக் கருவிகளைப் புத்திசையிற் புகுத்தினால் மரபு கெடும் என்பார் உளர். அவர் கூற்றில் அன்பு உண்டு. ஆயின் வரலாறு குறைவு. கோத்தோ சீனத்தினின்று வந்தது. மூன்று நரம்புடைய ஷாமிசெனும் சீனத்திற் பிறந்து, ரியூக்கியூத் தீவுகள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானை அடைந்தது. கண்ணொளி இழந்த கோத்தோப் பெரும்புலவர் மிச்சியோ மியாகி (1894–1956), மேலை இசையின் ஆழ்ந்த கீழ்ச்சுரங்களை விரும்பி, 1921இல் 17 நரம்புடைய பெருங்கோத்தோவை ஆக்கினார். 1929இல் அவர் கோத்தோவிற்கும் ஷாகுஹாச்சிக்குமாக இயற்றிய 'இளவேனிற் கடல்' என்னும் பாடலை, 1932இல் பிரெஞ்சு வயலின் இசைஞர் ரெனே ஷெமே, குழலின் இடத்தில் வயலினை வைத்து அவருடன் இசைத்தார். இன்று அப்பாடல் ஜப்பானியர் புத்தாண்டு நாளிற் கேட்டு மகிழும் மரபாகவே ஆகிவிட்டது.

தைக்கோவின் கதை இதனினும் தெளிவானது. இன்று பல முழவுகள் கூடி முழங்கும் தைக்கோக் குழுவைக் காண்போர், அது தொன்றுதொட்டு வந்த முறை என்றே எண்ணுவர். உண்மையில் அதனைத் தோற்றுவித்தவர், தைஹாச்சி ஒகுச்சி (1924–2008) என்னும் ஜாஸ் முழவிசைஞர். ஜாஸில் ஒருவரே சிறிதும் பெரிதுமான முழவுகள் பலவற்றை அடிப்பதைப் பழகிய அவர், தைக்கோவையும் ஏன் அவ்வாறு பலவாக அமைத்தலாகாது என எண்ணி, 1951இல் நாகானோப் பகுதியில் குழுவொன்றை நிறுவினார். ஆகவே ஜாஸ் ஜப்பானிய மரபைக் கெடுத்தது என்பதினும், அதன் ஒரு கிளையைப் பெற்றெடுத்தது என்பதே பொருந்தும்.

இரு மக்களின் ஒரு தெரு

இதுகாறும் கண்டவை கலைஞரின் முயற்சிகள். இனிக் காண்பது மக்களின் வாழ்க்கை. இச்சேர்க்கையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது எம் துணிபு.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையிற் கையெழுத்திட்டார். அதன் பயனாக மேலைக்கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் வீடும் கடையும் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இருபங்கினர் அமெரிக்கக் குடிமக்களே. சிலர் முதலில் குதிரைப் பந்தயத் திடலின் இலாயங்களில் வைக்கப்பட்டனர். அம்முகாம்களில் முதியோர் கோத்தோவும் ஷாகுஹாச்சியும் பயிற்றினர். இளைஞரோ நடனக் குழுக்கள் அமைத்து அமெரிக்க ஜாஸை இசைத்தனர். தம்மைச் சிறைவைத்த நாட்டின் இசையைத் தம் இசையாகவே அவ்விளைஞர் கருதினர் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உருக்குவது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'லிட்டில் டோக்கியோ' என்னும் ஜப்பானியர் பகுதி இவ்வாறு வெறுமையாயிற்று. போர்க்காலத் தொழிற்சாலைகளை நாடித் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள், பிற இடங்களில் குடியிருக்கத் தடை இருந்தமையால், அவ்வெறுமையான வீடுகளிற் புகுந்தனர். அப்பகுதி 'பிரான்ஸ்வில்' எனப் புதுப்பெயர் பெற்றது. அங்கு ஜாஸ் அரங்குகள் தோன்றின. 1946இல் புகழ்பெற்ற சார்லி பார்க்கர் அங்கு 'ஃபினாலே' என்னும் அரங்கில் இசைத்தார். முகாம்களினின்றும் ஜப்பானியர் மீண்டுவந்தபொழுது, இரு மக்களும் ஒரு தெருவில் எதிரெதிரே நின்றனர். ஒருவர் துரத்தப்பட்டவர், மற்றவர் இடமளிக்கப்படாதவர். பின்னர் அந்நகரின் கிரென்ஷா முதலிய பகுதிகளில் அவ்விரு மக்களும் அண்டை அயலாராய் வாழ்ந்தனர்.

அத்தகைய நகரிலேதான் 1974இல் 'ஹிரோஷிமா' என்னும் இசைக்குழு பிறந்தது. அதனை அமைத்தவர் டான் குராமோட்டோ. சாக்சஃபோனும் ஷாகுஹாச்சியும் இசைப்பவர். கோத்தோ மீட்டிய ஜூன் குராமோட்டோ ஜப்பானிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அந்நகரை அடைந்தவர். மியாகியின் மாணவியாகிய ஆசிரியையிடம் முறையாகக் கற்றவர். தெருவிற் கேட்டதோ சோல் இசை. தைக்கோ அடித்த ஜானி மோரி, 1969இல் அந்நகரப் பௌத்த ஆலயமொன்றில் தொடங்கிய கின்னாரா தைக்கோ குழுவைச் சார்ந்தவர். ஜப்பானிய முழவை விலைகொடுத்து வாங்க இயலாத அக்குழுவினர், திராட்சைமது வைக்கும் பழைய மரப்பீப்பாய்களிற் தோல் போர்த்து முழவு செய்துகொண்டனர். அணுகுண்டால் அழிந்த நகரின் பெயரைத் தம் குழுவிற்குச் சூட்டியது, அழிவினின்றும் எழுதலைக் குறித்தற்கே என்க. 1979இல் அவர்தம் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1980இன் 'ஓடோரி' இசைத்தட்டிலுள்ள ஒரு பாடல், கிராமி விருதுக்குக் கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' வகையிலேயே பரிந்துரைக்கப்பெற்றது. கோத்தோ அம்மக்களின் இசைவீட்டில் உறவினராக ஏற்கப்பட்டமைக்கு இதனினும் சான்று வேண்டா.

இக்குழுவின் பாடல்கள் அனைத்தும் ஒரு தரத்தன என்று யாம் கூறோம். சிலவற்றில் இனிமை மிகுந்து ஆழம் குறைகின்றது. கோத்தோவும் அணிகலன் அளவிற் சுருங்குகின்றது. ஆயினும் சிறந்தவற்றில், சோலின் தாளத்திற்கு நடுவே கோத்தோவின் நரம்பு வளைந்து நெகிழுங்கால், அது மனிதர் மிடறு விம்முவதையே ஒக்கின்றது.

இப்பகுதியில் நினைக்கத்தக்க மற்றொருவர், 1929இல் மஞ்சூரியாவிற் பிறந்து 1956இல் அமெரிக்கா சென்ற பியானோ இசைஞர் டோஷிக்கோ அக்கியோஷி அம்மையார். ஜாஸ் உலகில் தாம் ஜப்பானியராயிருப்பதைக் குறையென முதலில் எண்ணியவர், எலிங்டன் பெருமகனார் தம் மக்களின் வரலாற்றைப் பெருமிதத்தோடு இசையில் வடித்ததைக் கண்டு, தம் மரபும் ஜாஸிற்குத் தாம் அளிக்கத்தக்க கொடை எனத் தெளிந்தார். போர் முடிந்ததை நம்பாது பிலிப்பைன் தீவொன்றிற் பல்லாண்டு மறைந்து வாழ்ந்து, 1974இல் வெளிவந்த ஜப்பானிய வீரரைக் கருவாகக் கொண்டு, அவ்வாண்டே 'கோகுன்' என்னும் பாடலை இயற்றினார். அதில் நோ நாடகத்துக் குரலும், நம் உடுக்கையைப்போல் இடைசுருங்கிய சுசுமி முழவும் பெருங்குழுவின் ஊதுகருவிகளோடு ஒலிக்கின்றன. மீன் வழியே பரவிய பாதரச நஞ்சால் மக்கள் மடிந்த மினமாட்டா ஊரின் துயரையும் 1976இல் அவர் இசையாக்கினார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் உண்மைக் கலப்பிற்கு இரண்டு அறிகுறிகள் பெறப்படுகின்றன. ஒன்று, கருவியை ஒலிக்காக மட்டும் எடாமல், அதனை ஆசானிடம் பணிந்து கற்றல். மற்றொன்று, இருதிறத்தாரும் தமக்குரியவற்றுள் ஏதேனும் ஒன்றை மனமுவந்து விடுதல். இவ்விரண்டும் இல்வழி மிஞ்சுவது ஒட்டே. நம் நாட்டிலும் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலினை முறையாகக் கற்ற பின்னரே அதனை நம் இசைக்குக் கொணர்ந்தார். வயலினும் தன் நிற்கும் கோலத்தை விட்டு நம் மேடையில் அமர்ந்தது, சுருதியையும் மாற்றிக்கொண்டது. இன்று அதனை அயலது என்பார் யாருமிலர்.

1988இல் அமெரிக்க அரசாங்கம் சட்டமியற்றி, முகாம்களில் அடைபட்டவருள் உயிரோடிருந்தாரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்கியது. சட்டம் அப்பணியைச் செய்தற்கு 46 ஆண்டுகள் கழிந்தன. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, அதே மக்களின் மக்கள், பீப்பாய் முழவும் கோத்தோவும் சாக்சஃபோனும் கொண்டு ஒரே மேடையில் ஏறிவிட்டனர். இசைக்கு நாடில்லை என்று இனி யாம் கூறமாட்டோம். இசைக்கு நாடு உண்டு, வீடு உண்டு, அவ்வீட்டிற்குக் கதவும் உண்டு. அக்கதவைத் தட்டுவோர் பணிவோடு தட்டுதலும், உள்ளிருப்போர் அன்போடு திறத்தலுமே வேண்டப்படுவன.